ஒண்ணை அமுக்கினா நின்னுரும்

என் வேலையைச் சொன்னா நாங்க குடியிருக்க சீத்தா கேம்ப்ல சிரிக்கானுவ. "காலி-பீலி சும்மா உக்காந்து கம்ப்யூட்டரைப் பாக்கதுக்குச் சம்பளமா சிராஜ் பாய்?" வந்து பாருங்கலே, அப்பத் தெரியும். குவாஹாட்டியில இருந்து கொச்சி வரைக்கும் ஒரு பார்சல் கம்பெனியோட குடோன்ல எல்லாம் கம்ப்யூட்டர் கிடக்கு. எதுல இடம் நிறையுது, எது சூடேறுது, எது பேச்சு மூச்சில்லாமக் கிடக்குன்னு செம்பூர் ஆபீஸ்ல இருந்து நாங்க பாக்கணும். வீட்டுக்கு வந்தாலும் விடாது. எங்கயாவது கோளாறுன்னா மெஷினே போன் போடும். எடுத்து ஒண்ணாம் நம்பரை அமுக்கினா 'நான் பாத்துக்கிடுதேன்'னு அர்த்தம். அமுக்கலேன்னா அடுத்த ஆளுக்குப் போவும். பாதிக்கு மேல வெத்துக் கூப்பாடு. வெத்துதானான்னு பாக்கதுக்கும் எந்திரிச்சுத்தான ஆவணும்? சீன்னு போச்சு.

போன மாசம் அசந்து தூங்கி ஒரு போனை எடுக்காம விட்டுட்டேன். எங்க மேனேஜர் ஹரிதா மேடம் மாட்டுங்கா அய்யர் வீட்டுக்காரங்க, கோவத்தையும் மெதுவாத்தான் சொல்லுவாங்க. "இன்னொரு தடவை ஏதாவது ஆச்சுன்னா உங்கள வெச்சுக்க முடியாது சிராஜ்." வீட்டுல நஸீராவுக்கு ஏழாம் மாசம். வேலை போச்சுன்னா என்ன செய்ய? "போன் எடுக்கலேன்னா வேலை போயிரும்"னு அவகிட்டச் சொன்னேன். அதுக்கு மேல விளக்க ஒடம்புல தெம்பு இல்ல.

நேத்து நைட் ஷிஃப்ட் முடிச்சு காலையில வந்து படுத்தவன்தான். அடிச்சுப் போட்ட மாதிரி தூக்கம். கண்ணு முழிச்சா சாயங்காலத்து அசர் பாங்கு கேக்குது. யா அல்லாஹ்! தலைமாட்டுல போனைக் காணோம்.

அடுப்படியில இருந்து நஸீரா சிரிச்சுக்கிட்டே வந்தா. போன் அவ கையில இருந்துச்சு.

"நல்லாத் தூங்குனியளா? மூணு தடவை அடிச்சுது. நீங்க அமுக்குவியள்ல, அதே மாதிரி ஒண்ணை அமுக்குனேன். டக்குனு நின்னு போச்சு."

லேப்டாப்பைத் திறந்தா ஆறு குடோன் செவப்பாக் கிடக்கு. கம்ப்யூட்டர்ல இடம் நிறைஞ்சு வேலை படுத்துட்டு. பார்சலை ஏத்தவும் முடியல, இறக்கவும் முடியல. மூணு தடவையும் நான் பாத்துக்கிடுதேன்னு பதில் போயிருக்கு. பெறகு வேற எவன் எட்டிப் பாப்பான்?

"அறிவிருக்காடி ஒனக்கு?" வாயில வந்துட்டு. அவ மூஞ்சி செத்துப் போச்சு.

"எடுக்கலேன்னா வேலை போயிரும்னு நீங்கதான சொன்னிய. மத்தியானம் லுஹர் தொழும்போதுகூடப் பக்கத்துலயே வெச்சிருந்தேன். ஒண்ணைக்கூட விடலங்க."

அப்பத்தான் ஹரிதா மேடம் போன்.

"மூணு தடவையும் அமுக்கினது நீங்கதானா சிராஜ்?"

நஸீரா எதிர்க்கவே நிக்கா, கண்ணைத் தொடச்சுக்கிட்டு.

"நான்தான் மேடம்."

"அப்புறம் ஏன் பாக்கல?"

"தூக்கக் கலக்கம் மேடம்."

மெதுவா, "நாளைக்கு வந்து லேப்டாப்பைக் குடுத்துடுங்கோ"ன்னாங்க.

"மேடம் என்ன சொன்னாங்க?" நஸீரா பக்கத்துல வந்து கேட்டா.

"எல்லாப் போனையும் எடுத்தாச்சுன்னு சொன்னாங்க."

"அப்பாடா, அல்ஹம்துலில்லாஹ்!" வயித்துல கையை வெச்சுக்கிட்டு உக்காந்தா. "நாளைக்கு அடிச்சாலும் நானே எடுக்கேன். நீங்க தூங்குங்க."