பாதியில் நின்ற வாழ்த்து

தவக்காலத்துக்கு முந்திய அந்தச் சில வாரங்களில் கொனமாராக் கரையின் மேல் வானம் மிகத் தாழ்ந்து கிடக்கும். கூதிர் போய்விட்டது என்றும் சொல்ல இயலாது. இளவேனில் வந்துவிட்டது என்றும் சொல்ல இயலாது. வாடை கற்சுவர்களின் இடுக்குகளில் புகுந்து ஓலமிடும். கடல் ஈய நிறத்தில் புரண்டுகொண்டே இருக்கும். சரிவில் மேயும் ஆடுகள் பாறையோடு பாறையாய் ஒடுங்கி நிற்கும். ஆயினும் அவ்வூரார் தம் மக்களுக்கு மணம் முடிப்பது இந்நாட்களில்தான். தவக்காலத்தைத் தொடங்கிவைக்கும் சாம்பற் புதன் பிறந்துவிட்டால், உயிர்ப்பு ஞாயிறுவரை பிடில் அதன் பெட்டியைவிட்டு வெளியே வராது.

அப்புதனுக்கு முந்தைய நாள் நண்பகலில், பூசை முடிந்து, பங்கு மண்டபத்தில் விருந்து நடந்துகொண்டிருந்தது. மணமகள் சோர்காவின் தந்தை கோல்மன், தட்டிலிருந்த பன்றி இறைச்சியையும் முட்டைக்கோசையும் தொடாமல் அமர்ந்திருந்தார். அவர் குடியை விட்டுப் பதினான்கு மாதங்கள் ஆகியிருந்தன.

காலையில் அவர் மேலங்கியில் பூவைக் குத்திவிட்டபடி சோர்கா சொல்லியிருந்தாள்: "அப்பா, ஒரு சொட்டு. ஒரே ஒரு சொட்டு உங்க நாக்குல பட்டுச்சுன்னாலும் என் வீட்டுப் படிய நீங்க மிதிக்க வேணாம். எனக்குப் பிள்ளை பொறந்தா, தாத்தா இல்லன்னே சொல்லி வளர்ப்பேன்."

அவள் குரலில் கோபம் இல்லை. அதுதான் அவரை நடுங்கச் செய்தது. தாயின் சவப்பெட்டி குழியில் இறங்கிய வேளையில் தந்தை எந்தச் சாக்கடையோரம் கிடந்தார் என்பதை அவள் ஒருமுறைகூடச் சொல்லிக் காட்டியதில்லை.

வாழ்த்துரைப்பது பெண்ணைப் பெற்றவன் கடமை. வாழ்த்தியவன் குவளையை ஒரே மூச்சில் காலி செய்யவேண்டும். மிச்சம் வைத்தால் மணமக்களின் வாழ்வு குறைபட்டுப்போகும் என்பார்கள். தண்ணீரால் வாழ்த்துவதோ அதனினும் கொடிது. படகில் போகிறவனைத் தண்ணீருக்கே தாரை வார்ப்பதாகும் அது. மணமகன் ஃபெஸ்டி இறால் பிடிக்கிறவன். அவன் தந்தையின் உடலைக் கடல் இன்றளவும் திருப்பித் தரவில்லை. ஆகவே சோர்கா தன் கையாலேயே தந்தையின் குவளையில் நிறமற்ற எலுமிச்சைச் சோடாவை ஊற்றி வைத்திருந்தாள்.

கோல்மன் எழுந்து போய்ப் பாதிரியாரை வாசல்வரை வழியனுப்பித் திரும்பினார். ஃபெஸ்டியின் சிற்றப்பன் பார்ட்லி அவர் முதுகில் ஓங்கித் தட்டினான்.

"மூஞ்சிய ஏன்டா இப்படி வச்சிருக்க? பொண்ணத்தான குடுக்கற, படகையா குடுத்துட்ட?"

மேசைகள் அதிரச் சிரித்தார்கள். பின்பு நாற்காலிகள் நகர்ந்தன; எல்லாரும் குவளையும் கையுமாய் எழுந்தார்கள்.

"சோர்கா, ஃபெஸ்டி," என்று தொடங்கினார் கோல்மன். "வானத்தையும் கடலையும் படைச்சவர் உங்க ரெண்டு பேரையும்..."

குவளை முகத்தருகே உயர்ந்தது. சொல் அங்கேயே அறுந்தது.

அந்த மணத்தை அவர் உறக்கத்திலும் அறிவார். சோடா அன்று. மலைக்குப் பின்னால் மறைவாகக் காய்ச்சும் சாராயம். தண்ணீரைப்போலத் தெளிந்தது, நெருப்பைப்போல இறங்குவது. அவர் உடம்பு முழுவதும் நாய் எசமானைக் கண்டாற்போல் துள்ளி எழுந்தது. எதிரே பார்ட்லி ஒரு கண்ணைச் சிமிட்டினான்.

"நிறுத்தாத கோல்மன்!" ஃபெஸ்டியின் தாய் பெகீனின் குரல் கீறலாய் வந்தது. "தொடங்குன வாழ்த்த பாதியில விடாத. எனக்கு இருக்கறது இவன் ஒருத்தன்தான்."

குடித்தால் மகள் இல்லை. குடியாவிட்டால், நாளை அந்தப் படகு திரும்பாதொழிந்தால், இந்தக் கரை முழுவதும் தன்னைத்தான் பார்க்கும். ஒரு மிடறுதானே, யாருக்குத் தெரியப்போகிறது என்றது உள்ளே ஒரு குரல். அது அவருடைய சொந்தக் குரலாகவே இருந்தது. குவளையின் விளிம்பு கீழுதட்டைத் தொட்டது. சோர்கா புன்னகைத்துக்கொண்டிருந்தாள். இந்தப் பதினான்கு மாதங்களில் முதன்முறையாக, ஐயமே இல்லாத புன்னகை.

அப்புன்னகையை அவரால் தாங்க முடியவில்லை.

"இது சாராயம்," என்றார். குரல் பிளந்தது. "யாரோ மாத்தி ஊத்திட்டீங்க. என் கையிலேர்ந்து இத வாங்கிடுங்க. யாராவது வாங்குங்களேன். என்னால கீழ வைக்க முடியல!"

ஒருவரும் அசையவில்லை. பார்ட்லியின் முகம் சுண்ணாம்பாய் வெளுத்தது.

"வெறும் பச்சத் தண்ணின்னு நெனச்சுட்டேன்டா... நம்ம பையன் கடலுக்குப் போறவனாச்சே. நல்லதுக்குத்தான் அதக் கொட்டிட்டு இத ஊத்தினேன். சத்தியமாடா."

கோல்மனின் விரல்கள் குவளையைச் சுற்றி இறுகியிருந்தன. சாராயம் தளும்பி மணிக்கட்டில் வழிந்தது. அதை நக்கிவிடுவோமோ என்று அவர் அஞ்சினார். அத்தனை பேர் பார்க்க, மகள் பார்க்க, அவர் அழுதார்.

ஃபெஸ்டி மேசையைச் சுற்றி வந்தான். அவருடைய விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துக் குவளையை எடுத்துக்கொண்டான்.

"மாமா, வாழ்த்து உங்களோடது. குடிக்கறது நானா இருந்துட்டுப் போறேன். நீங்க சொல்லி முடிங்க."

"அப்படி வழக்கம் இல்லடா," என்றாள் பெகீன். கையிலிருந்த செபமாலை மணிகள் மோதிக்கொண்டன.

"இனிமே இருக்கட்டும்மா."

சோர்கா கைக்குட்டையால் தந்தையின் கீழுதட்டையும் மணிக்கட்டையும் அழுத்தித் துடைத்தாள்.

தாகம் போகவில்லை. ஃபெஸ்டியின் கையிலிருந்த அந்தத் தெளிந்த திரவத்தை அவர் கண்கள் விடாமல் பற்றியிருந்தன. இன்றைக்கும் போகாது, நாளைக்கும் போகாது என்று அவருக்குத் தெரிந்தது. அவர் மெல்லக் கண்களை மூடிக்கொண்டார். உருளைக்கிழங்குத் தோலும் ரொட்டித் துகளும் சிந்திக்கிடந்த தரையில் இரு முழங்காலும் ஊன்றினார். நெற்றியிலும் நெஞ்சிலும் தோள்களிலும் சிலுவை வரைந்தார். வெறுங்கைகளைக் குவித்தார்.

"வானையும் கடலையும் படைத்தவர் உங்கள் இருவரையும் தம் உள்ளங்கையில் ஏந்துவாராக. புறப்பட்ட படகு புறப்பட்ட கரைக்கே மீள்வதாக. பொய் சொல்ல வேண்டிய நாள் உங்கள் வீட்டில் விடியாதிருப்பதாக. தளர்ந்தவன் கதவைத் தட்டினால், திறக்கும் வலிமை உங்கள் கைகளுக்கு என்றும் இருப்பதாக. ஆமென்."