நார்மல் என்று எழுதிய கை

பன்றியின் உணவுக்குழாயில் பழகுவதற்கென்றே டாக்டர் வடிவாம்பாள் ஒரு வருஷத்தில் ஏழு தடவை கோயம்புத்தூருக்குப் போய் வந்தாள். அவளுக்கு ஐம்பத்தொரு வயது. அங்கே சொல்லிக்கொடுத்த டாக்டர் முகம்மது யூசுப்புக்கு முப்பத்தைந்துதான். "மேடம், கையில பலம் ஜாஸ்தி" என்று அவன் சொல்லும்போதெல்லாம் பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி தலையாட்டினாள். தென்காசியில் வயிற்று வைத்தியம் என்றால் வடிவாம்பாள்தான் என்று இருபது வருஷமாக வாங்கி வைத்திருந்த பேரெல்லாம் அந்த அறைக்குள் செல்லுபடியாகவில்லை. வீட்டில் பன்றி என்ற பேச்சையே எடுக்கவில்லை. மனித உடம்பை அறுத்துப் படித்தபோது பெருமைப்பட்ட சைவக் குடும்பம், இதற்கு முகம் சுளிக்கும்.

கற்றுக்கொண்ட வேலை இதுதான். சிலருக்கு உணவுக்குழாயின் அடியில் இருக்கும் தசை இறுகிப்போய், விழுங்கும்போது திறக்காது. சோறும் தண்ணீரும் நெஞ்சுக்குள்ளேயே நிற்கும். வாய் வழியாக எண்டாஸ்கோப் குழாயை விட்டு, உள்தோலுக்கு அடியிலேயே ஒரு சின்ன வழி உண்டாக்கி, அந்தத் தசையை மட்டும் நறுக்கிவிட வேண்டும். வெளியே ஒரு தையல்கூட இருக்காது. உள்ளே ஒரு மயிரிழை தப்பினால் கதை வேறு.

ஆனி மாதக் கடைசியில் யூசுப் தென்காசிக்கே வந்தான். வடிவாம்பாள் முதல் முறையாகத் தன் கையால் செய்வதைப் பக்கத்தில் நின்று பார்த்து, பயிற்சிப் புத்தகத்தில் கையெழுத்துப் போட வேண்டும். இதை விட்டால் அவன் மறுபடி வரத் தை மாதம் ஆகும். அதற்கான நோயாளியும் கிடைத்திருந்தார். சொரிமுத்து, ஓய்வுபெற்ற சப்-இன்ஸ்பெக்டர், பண்பொழிக்காரர். பேரியம் மாவு குடிக்க வைத்து எடுத்த படத்தை யூசுப் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தான். உணவுக்குழாய் மேலே பைபோல அகன்று, அடியில் குருவி மூக்காய்க் குறுகியிருந்தது.

"பாடப் புஸ்தகத்துல உள்ள படம் மாதிரியே இருக்கு. இவருக்குப் போயி மூணு வருசமா வாயு மாத்திரை குடுத்திருக்காங்க. எந்தப் புண்ணியவான் மேடம்?"

வடிவாம்பாள் படத்தை வாங்கி உறைக்குள் போட்டாள். அந்தப் புண்ணியவதி அவள்தான்.

மத்தியானம் பழைய ஃபைலை எடுத்துப் பார்த்தாள். மூன்று வருஷத்துக்கு முன்னால் அவளே குழாய் விட்டுப் பார்த்திருக்கிறாள். அன்றைக்கு வரிசையில் பதினான்கு பேர். சொரிமுத்துவுக்கு அடிப்பக்கத்தில் குழாய் ஒரு கணம் தடுத்தது. லேசாக அழுத்தினாள், வழுக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டது. புண் இல்லை, கட்டி இல்லை. நார்மல் என்று எழுதினாள். அந்த ஒரு கணத் தடுப்புதான் நோய் என்று தெரிந்துகொள்ள ஏழு தடவை கோயம்புத்தூர் போக வேண்டியிருந்தது. அதற்குள் அவர் ஆறு முறை வந்து, ஆறு விதமான மாத்திரை வாங்கிப் போயிருந்தார். ஒரு சீட்டில் 'கவலையைக் குறைக்கவும்' என்றுகூட எழுதியிருந்தாள். அதைப் படித்தபோது அவளுக்குக் காது சூடானது.

வராந்தாவில் அவர் மனைவி தங்கத்தாய் அவளைப் பிடித்துக்கொண்டாள்.

"டாக்டரம்மா, நீங்களே செய்யணும். அந்தத் தம்பி தொடக் கூடாதுன்னு இவுக சொல்லுதாவ. உங்க கைராசி மேல அவ்வளவு நம்பிக்கை."

"அவர் பெரிய டாக்டர். எனக்கே அவர்தான் சொல்லிக்கொடுத்தார்."

"இருக்கட்டும். எங்களுக்கு நீங்கதான்" என்றவள் குரலைத் தணித்துக்கொண்டாள். "சித்திரையில கீழப்பாவூருக்கு மாப்பிள வீடு பாக்கப் போனோம். எங்க மவ உமாராணிக்கு. சம்பந்தம் புடிச்சாத்தானே அந்த வீட்டுல கை நனைப்போம்? புடிச்சுத்தான் இவுக சாப்பிட உக்காந்தாவ. நாலு வாய்தான். சோறு நெஞ்சுல நின்னுட்டு. பாதிச் சாப்பாட்டுல எந்திரிச்சுக் கொல்லைக்குப் போயிட்டாவ. எங்களைப் புடிக்காமத்தான் எந்திரிச்சாருன்னு மாப்பிள வீட்டுல நெனைச்சுக்கிட்டாவ. அதோட நின்னு போச்சு."

"உடம்புக்கு முடியலைன்னு சொல்லியிருக்கலாமே?"

"என்ன நோவுன்னு சொல்ல? நீங்க ஒண்ணுமில்லன்னு எழுதித் தந்துருக்கிய. தொண்டையில ஏதோ சீக்குன்னு சொன்னா, ஊரு அதுக்கு வேற பேரு வச்சிரும். பிள்ளையை எவன் கெட்டுவான்?"

சாயங்காலம் யூசுப்பைக் குற்றாலத்தில் அவன் தங்கியிருந்த லாட்ஜில் விடக் காரில் கூட்டிப்போனாள். சாரல் கண்ணாடியில் பொடிப்பொடியாக விழுந்தது. தலையில் எண்ணெய் வழிய, துண்டோடு ரோட்டை அடைத்துக்கொண்டு அருவிக்குப் போன கூட்டத்துக்குப் பின்னால் கார் ஊர்ந்தது. அப்போது சொன்னாள்.

"நீ கேட்ட புண்ணியவான் நான்தான் யூசுப்."

அவனுக்கு முகம் செத்துவிட்டது. "தெரியாமப் பேசிட்டேன் மேடம்."

"நாளைக்கு அவர் சம்மதப் படிவத்துல கையெழுத்துப் போடுறதுக்கு முன்னாடி சொல்லலாம்னு இருக்கேன்."

யூசுப் வைப்பரைப் பார்த்தபடியே சொன்னான். "முடிச்சிட்டு சொல்லுங்க. இந்த நோயை ஆரம்பத்துல எல்லாருமே தவற விடுறாங்க. இப்பச் சொன்னா மனுசன் கட்டில்ல இருந்து எந்திரிச்சுப் போயிருவாரு. அவருக்கும் நஷ்டம், உங்களுக்கும் நஷ்டம்."

அவன் சொன்னதில் நியாயம் இருந்தது. நியாயம் இருந்ததுதான் அவளுக்குத் தொந்தரவாக இருந்தது. ராசியான கை என்று நம்பி ஒரு மனுஷன் கழுத்தை நீட்டுகிறார். அந்த நம்பிக்கையை வைத்து முதல் வெட்டைப் பழகிக்கொள்வது திருட்டு இல்லையா? திரும்பி வரும் வழியெல்லாம் அவள் மனசு இரண்டு பக்கமும் வழக்காடியது. ஆஸ்பத்திரி வாசலில் காரை நிறுத்தியபோது அலுத்துப்போய்விட்டது. நேரே வார்டுக்குப் போனாள்.

சொரிமுத்து கட்டிலில் உட்கார்ந்திருந்தார். சட்டை தோளில் தொங்கியது. பதினெட்டுக் கிலோ போயிருந்தது.

"அண்ணாச்சி, ஒரு விஷயம். உங்க நோய் மூணு வருஷத்துக்கு முன்னாடியே இருந்தது. குழாய் விட்டப்ப என் கைக்கே தட்டுப்பட்டது. நான்தான் அதைக் கண்டுக்காம நார்மல்னு எழுதிட்டேன். அதுக்கு அப்புறம் குடுத்த மாத்திரை ஒண்ணும் இதுக்கு உண்டானது இல்லை. அதோட, இந்த வேலையை நான் இதுவரைக்கும் மனுஷங்களுக்குத் தனியாச் செஞ்சதில்லை. நீங்கதான் முதல் ஆள்."

தங்கத்தாய் தலையில் கை வைத்துக்கொண்டாள். சொரிமுத்து அவளை ஏறிட்டுப் பார்த்தார். ஸ்டேஷனில் ஆளை உட்கார வைத்துப் பார்க்கிற பார்வை அது.

"அப்பவே தெரிஞ்சிருந்தா, சித்திரையில அந்த வீட்டுல நான் ஒழுங்காச் சாப்பிட்டுருப்பேன். அப்படித்தானே?"

"சாப்பிட்டிருப்பீங்க."

"அப்ப அந்தத் தம்பியே செய்யட்டும். நீங்க வேண்டாம்."

வடிவாம்பாளுக்கு வலித்தது. இதைத்தான் எதிர்பார்த்து வந்தாள் என்றாலும் வலித்தது. ஏழு பயணமும், இருபது வருஷப் பேரும், தை மாதம் வரையிலான காத்திருப்பும் கண் முன்னால் வந்து நின்றன. "சரி அண்ணாச்சி" என்றாள். எழுந்திருக்கப் போனவளை அவர் கையமர்த்தினார்.

"இருங்க. உங்களுக்கு வேற வேலை இருக்கு. அந்தக் கீழப்பாவூர் மாப்பிளைக்கு இன்னும் வேற எடம் அமையல. உமாராணியும் வேற எடம் வேண்டாம்னு நிக்கா. நான் போயி விளக்கம் சொன்னா, பொண்ணைக் கெட்டிக் குடுக்கப் பொய் சொல்லுதாம்பாங்க. எனக்கு ஒடம்பு நேரானதும் நீங்க கீழப்பாவூருக்கு வரணும். இப்ப எங்கிட்ட சொன்னதை அப்படியே அங்கன சொல்லணும்."

"சொல்லுதேன்."

"யோசிச்சுச் சொல்லுங்க. நார்மல்னு நீங்க தப்பா எழுதுனதையும் சேத்துத்தான். அவுக வாய் சும்மா இருக்காது. தென்காசி பூராப் பரவிரும்."

அவள் யோசித்தாள். காலை ஒன்பது மணிக்கே நிரம்பிவிடும் தன் கிளினிக்கின் நாற்காலிகளை யோசித்தாள்.

"பரவட்டும். வாரேன் அண்ணாச்சி."

சம்மதப் படிவத்தில் செய்பவர் என்ற இடத்தில் இருந்த தன் பெயரை அடித்துவிட்டு, யூசுப்பின் பெயரை எழுதினாள். சொரிமுத்து வாங்கி ஒரு வரி விடாமல் படித்தார். அப்புறம் கையெழுத்துப் போட்டார்.