மூன்றாம் மாடிச் செத்தவீடு

இரண்டாம் மாடி வளைவில் சவப்பெட்டி இறுகிப்போய் நின்றது. மேலேயும் வராது, கீழேயும் போகாது. சுவருக்கும் பெட்டிக்கும் நடுவில் அகப்பட்ட தர்சன், "மாமி, இது ஏலாது" என்று கத்தினான்.

மூன்றாம் மாடி வாசலில் நின்று பூரணி எட்டிப் பார்த்தாள். எழுபது கடந்தவள்; தர்சனின் தகப்பனோடு கூடப்பிறந்தவள். உள்ளே ஹோலில் கட்டிலில் கிடந்தவர் அவளுடைய அண்ணர் குணரத்தினம். வீடு அவர் பேரில்; அதில் இருந்தது அவர்கள் இருவரும்தான். முதல் நாள் விடியப்புறம் தேத்தண்ணியை அரைவாசி குடித்துவிட்டு, மிச்சம் ஆறட்டும் என்று வைத்துவிட்டுப் போய்ச் சேர்ந்தார்.

துறைமுகத்தில் கிரேன் ஓட்டிய மனிதர். ஒருமுறை கப்பலில் வந்த யானையை இறக்கும்போது, பாவம் தூரத்திலிருந்து வந்த சீவன் என்று, அந்தரத்தில் வைத்தே கடற்குடாவைச் சுற்றிக் காட்டினாராம். இறங்கிய யானை இன்னொரு தரம் தூக்கச் சொல்லி அடம்பிடித்ததாம். அவரே சொன்னது, வேறு சாட்சி இல்லை. உயரமும் அந்தக் கதைகளுக்கு ஏற்ற உயரம். அவர் அளவுக்குப் பெட்டி செய்யவே ஒரு நாள் எடுத்தது. தொடர்மாடியைக் கட்டியவர்கள் சாவை யோசித்துப் படி வைக்கவில்லை. அங்கே குடியிருந்தவர்களும் இதுவரை கட்டடத்துக்கு மரியாதை கொடுத்து ஆஸ்பத்திரியில் போய்த்தான் செத்தார்கள்.

"பெரியப்பாவைச் சீலையில வைச்சுக் கீழ இறக்குவம் மாமி. அன்புவழிபுரத்தில எங்கட வீட்டில வைச்சு எல்லாத்தையும் செய்வம். நீங்களும் வந்து எட்டாம் நாள் கிரியை முடியுமட்டும் நில்லுங்கோ."

"நல்ல யோசனை தம்பி" என்றது ஒரு குரல். மேற்படியில் நின்ற சோமசேகரம். வீடமைப்புக் கந்தோர் உத்தியோகத்தர், துக்கம் விசாரிக்க வந்தவர். அவருடைய காற்சட்டைப் பை ஒரு புதுப் பூட்டின் அளவுக்குப் புடைத்திருந்தது. கடலைப் பார்த்த அந்தக் கட்டடத்தை ஹோட்டலாக்கக் கந்தோர் ஆள் பிடித்து வைத்திருந்தது எல்லோருக்கும் தெரியும்.

விதி ஒன்று குறுக்கே நின்றது. வீட்டுக்காரர் இறந்தால், கூட வாழ்ந்த வயோதிபரை வீட்டைவிட்டு எழுப்பக்கூடாது. ஆனால் வீடு வெறுமையாக இருந்தால் கந்தோர் எடுத்துக்கொள்ளலாம். எவ்வளவு காலம் வெறுமையாக இருக்கவேண்டும் என்று விதி சொல்லவில்லை. சோமசேகரத்தின் கணக்கில் ஒரு தும்மல் போடுகிற நேரம் போதும்.

முதலாம் மாடியில் முன்பு குடியிருந்த மரியமலர், இறக்கக்கண்டியிலிருந்து பஸ்ஸில் வந்து பூரணிக்குப் பக்கத்தில் நின்றாள். புருஷன் றொபேட்டை அடக்கம் பண்ணச் சவக்காலைக்குப் போய்வந்த இடைவெளியில், அவளுடைய கதவில் வேறு பூட்டுத் தொங்கியது. அன்றிலிருந்து மகள் வீட்டில்தான். அவள் பூரணியின் முழங்கையைக் கிள்ளினாள்.

"சட்டம் எனக்கும் இருந்ததுதான் பூரணி. நான்தான் வீட்டில இல்லாமப் போனன்."

பூரணி தலைமயிரை அள்ளி முடிந்தாள். "அண்ணை இந்த வீட்டில இருந்துதான் போவார்."

"பெட்டி வராதெல்லோ மாமி!"

"படியால வராது. கடல் பக்கத்தால வரும்."

சொல்லிவிட்டு அஸாமைப் பார்த்தாள். குணரத்தினம் கிரேனில் இருக்கக் கீழே நின்று கைகாட்டிய பழைய சிநேகிதர். அவர் இறங்கிப் போனார். கப்பியும் கயிறுமாக வந்தார். எங்கே எடுத்தார் என்று யாரும் கேட்கவில்லை. அன்று ஏதாவது கப்பல் புறப்படச் சுணங்கியிருந்தால், காரணம் அதுவாக இருக்கலாம்.

சோமசேகரம் பதறினார். "அம்மா, அரசாங்கக் கட்டடத்தில கப்பி கட்டுறதெண்டா அனுமதி வேணும்."

"எழுதிக் கேக்கலாம் சேர். ஆனா உங்கட கந்தோர் பதில் போடுமட்டும் அண்ணை தாங்கமாட்டார்."

மூலையில் ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்த கிழவிகள் முந்தானையால் வாயைப் பொத்தினார்கள்.

வளைவில் இறுகியிருந்த பெட்டியைச் சுவர் சுரண்டுப்பட ஒருவாறு உருவிக் கீழே இறக்கினார்கள். வெறும் பெட்டி பல்கனியால் ஏறி வந்தது. கிரியை நடந்தது. வாய்க்கரிசி போட்டார்கள். பெட்டியை மூடிக் கயிறு மாட்டும்போது பெண்கள் எல்லோரும் கீழே இறங்கத் தொடங்கினார்கள். பெண்கள் சுடலைக்குப் போவதில்லை. தெருப் படலை வரைக்கும் போய் அழுது அனுப்பிவிட்டுத் திரும்புவதுதான் முறை.

"மாமி வாங்கோ. கூடப்பிறந்த நீங்கள் படலைக்கு வராட்டி சனம் என்ன கதைக்கும்?"

"போங்கோ அம்மா" என்றார் கதவு நிலையில் சாய்ந்து நின்ற சோமசேகரம். "வீட்டை நான் பாத்துக்கொள்ளுறன்."

"பாப்பியள். அது எனக்குத் தெரியும்."

அவள் அசையவில்லை. தர்சன் தலையிலடித்துக்கொண்டு இறங்கினான். அஸாம் பல்கனித் தூணில் கயிற்றைச் சுற்றி, இரண்டு பெடியன்களிடம் கொடுத்தார். அவர்களுக்கு முன்னால் ஓர் இடம் விட்டார்.

"தங்கச்சி, இதில பிடியுங்கோ. இது படலை வரைக்கும் போகும்."

பூரணி பிடித்தாள். அஸாம் கீழே போய் அண்ணாந்து நின்று கையை விரித்தார். இறக்கு. பெட்டி அந்தரத்தில் தொங்கியது. கடற்காற்று அதை மெதுவாக ஒரு பக்கம் திருப்பி, குடாவைக் காட்டி, திரும்பக் கொண்டுவந்தது. இரண்டாம் மாடியில் அகப்பையோடு நின்ற ஒருத்தி அகப்பையோடேயே கும்பிட்டாள். முதலாம் மாடியில் ஒரு குழந்தை டாட்டா காட்டியது. கயிறு பூரணியின் உள்ளங்கையை உரசிக்கொண்டு போனது. அவள் விடவில்லை; விடவேண்டிய அளவுக்கு மட்டும் விட்டாள்.

அஸாமின் கை மூடியது. கயிற்றில் பாரம் இல்லாமல் போனது.

"ஆச்சி, விடுங்கோ, முடிஞ்சுது" என்றான் பின்னால் நின்ற பெடியன். இன்னொரு தரமும் சொன்னான். பிறகு இருவரும் அவளுடைய கையில் கயிற்றை விட்டுவிட்டுக் கீழே ஓடினார்கள்.

பறைச் சத்தம் படலையைத் தாண்டிப் போனது. அது தேயுமட்டும் பூரணி பல்கனியில் நின்றாள். திரும்பியபோது சோமசேகரம் ஹோல் நடுவில் நின்றார்.

"ஒருக்காக் கீழ போய்ச் சனத்தோட நிண்டிட்டு வாங்கோவன் அம்மா. மனசு ஆறும்."

அவள் குசினிக்குள் போனாள். நிறைந்த வாளியோடும் தும்புத்தடியோடும் வந்தாள். பிரேதம் எடுத்த வீடு கழுவவேண்டும். கட்டில் கிடந்த இடத்தில் முதல் வாளியைக் கவிழ்த்தாள்.

"சப்பாத்து நனையப்போகுது சேர்."

சோமசேகரம் வாசலுக்குப் பின்வாங்கினார். இரண்டாவது வாளி வாசலுக்கு வந்தது. அவர் காற்சட்டையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வெளியே கால் வைத்தார். பூரணி குனிந்து, ஒரே சீராக, தும்புத்தடியால் தள்ளிக்கொண்டே வந்தாள்.

அவர் ஒரு படி இறங்கினார். தண்ணீரும் ஒரு படி இறங்கியது.