படத்துக்குப் பின்னால்

சாந்தோமில் ஸ்தனிஸ்லாஸின் மாமியார் ஃப்ளோரன்ஸின் வீட்டில் படுக்க ஒரே அறை. அதற்கு ஒரே ஜன்னல். அதுவும் பக்கத்து வீட்டுச் சுவரைப் பார்த்தது. அந்த அறையில்தான் அவன் மனைவி ஃப்ளோரா க்ஷயரோகத்தில் கிடந்து, போன வருஷம் போய்ச் சேர்ந்தாள். இப்போது அங்கே அவர்கள் மகள், மூன்று வயது டோரதி இருமினாள். மார்பில் இன்னும் ஒன்றுமில்லை, ஆனால் அறைக்குள் வரும் காற்று வெளியே போகவும் வழி வேண்டும் என்றார் டாக்டர்.

சனிக்கிழமை காலையில் ஸ்தனிஸ்லாஸ் கொத்தனார் தங்கவேலோடு வந்து நின்றான்.

"செவுத்த ஒடச்சா கொழந்தைக்குக் காத்து பட்டுடும், மாப்பிள்ளை" என்றாள் ஃப்ளோரன்ஸ்.

"காத்து படத்தான் ஒடைக்கிறேன், அத்தை."

"நீங்க பி.ஏ. படிச்சிருக்கீங்கன்னு கடல்காத்து பயந்து ஓடிடுமா?"

அவன் ஜன்னலுக்கு எதிர்ச்சுவரில், உயரத்தில், இருதய ஆண்டவர் படத்துக்குப் பக்கத்தில் கரியால் ஒரு சதுரம் போட்டான். தங்கவேல் ஏணியில் ஏறித் தட்டிப் பார்த்தார்.

"பழைய சுண்ணாம்புச் செவுரு, சார். கெட்டியா கீது. வெள்ளக்காரன் போனாலும் இது போவாது."

"போகணும். இன்னிக்கே."

தங்கவேல் உளியை வைத்தார்.

"அங்க வேணாம்" என்றாள் ஃப்ளோரன்ஸ்.

"அத்தை, நான் நிறுத்தப் போறதில்ல."

"யாரு நிறுத்தச் சொன்னா? படத்த எறக்குங்க. பின்னால பாருங்க."

அந்தப் படத்தை அவள் யாரையும் தொட விட்டதில்லை. அவனே ஏறி இறக்கினான். பின்னால், வெள்ளை உரிந்து, சாம்பல் நிறத்தில் ஈரச் சதுரம் ஒன்று.

தங்கவேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். "சிமிட்டி பூசிக்கீறாங்க. சுண்ணாம்பு மூச்சு வுடும், சார். இது வுடாது. தண்ணி உள்ளயே நின்னுக்கினு கீது."

"வெண்டிலேட்டர்" என்றாள் ஃப்ளோரன்ஸ். "உங்க கல்யாணத்துக்கு முன்னால. ஜப்பான்காரன் குண்டு போடுவான்னு ஊரே ஓடிச்சே, அப்போ. ராத்திரில வெளிச்சம் தெரியுதுன்னு தெருவுல நின்னு திட்டினாங்க. கல்லு வச்சு அடைச்சேன். அப்புறம் ஈரம் தெரியக் கூடாதுன்னு படத்த மாட்டினேன்." குரல் இறங்கியது. "சண்டை முடிஞ்சப்போ ஃப்ளோரா உசுரோடதான் இருந்தா. தெறக்கத் தோணல."

ஸ்தனிஸ்லாஸ் அவளைப் பார்த்தான். தங்கவேலிடம் கையை நீட்டினான்.

"சுத்தியைக் குடுங்க."

பத்தாவது அடியில் ஒரு கல் வெளிப்பக்கம் விழுந்தது. சந்தின் வெளிச்சம் தூசியோடு உள்ளே வந்தது. ஜன்னல் துணி மெல்ல உள்பக்கம் உப்பியது. அவன் நிறுத்தவில்லை.

முழுதும் திறந்தபின் தங்கவேல் கேட்டார்: "படத்த எங்க மாட்டணும்மா?"

ஃப்ளோரன்ஸ் படத்தைத் திருப்பினாள். பின்பலகை முழுக்கப் பூஞ்சை.

"இப்ப வேணாம்" என்று முந்தானையால் துடைத்தாள். "மொதல்ல காயட்டும்."