ரயிலுக்குக் கட்டிய சோறு

பொன்செல்வி குடத்தைச் சாய்த்தாள். தண்ணீர் பின்முற்றத்துச் சிமெண்டுத் தரையில் பரவி ஓடியது. அடுத்த குடத்தை எடுத்தாள். அவளுடைய ஓரகத்தி உலகம்மையை ஆண்கள் தைக்காட்டு மயானத்துக்குக் கொண்டுபோய்க் கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. பெண்கள் ஈரத் தலையோடு வீட்டைக் கழுவிக்கொண்டிருந்தார்கள்.

"சமைச்சது, பிடிச்சு வச்சது ஒண்ணும் இருக்கப்பிடாது, கேட்டியா? மோர் இருந்தா அதையும் கொட்டு" என்றாள் தங்கபாய், பின்கட்டுப் படியில் உட்கார்ந்தபடி. கணவனின் பெரியம்மா. சாவு வீட்டுக் காரியங்களில் அவள் சொல்லை யாரும் மறுத்துப் பேசியதில்லை. பொன்செல்வியும் மோரைக் கொட்டினாள்.

அப்போது ஆட்டோக்கார ஷிபு வாசல் வழியாகத் தலையை நீட்டினான். "சேச்சி, பேக் எல்லாம் வண்டியில தன்னே கிடக்கு. எங்க வைக்கணும்?"

அப்போதுதான் எல்லாருக்கும் நினைவு வந்தது. இன்று மாலை ரயிலில் குடும்பத்தோடு சென்னைக்குக் கிளம்ப வேண்டிய நாள்.

தம்பானூர் ஸ்டேஷன் கூப்பிடு தூரம். இருந்தும் உலகம்மை காலையிலேயே ஷிபுவை வரச்சொல்லிப் பைகளை ஏற்ற ஆரம்பித்துவிட்டாள். "சாயந்தர வண்டிக்கு இப்பவே ஏத்தினா பைக்குத்தான் கால் வலிக்கும்" என்று அவள் கணவர் பிச்சைக்கனி கேலி செய்தார். கடைசியாகச் சாப்பாட்டுப் பையை வைத்துவிட்டுத் திரும்பியவள் படியில் உட்கார்ந்தாள். "செல்வி, நெஞ்சை அமுக்குது" என்றாள். பைகளை இறக்கக்கூட நேரமில்லாமல் அதே ஆட்டோவில்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். திரும்பி ஆம்புலன்ஸில் வந்தாள்.

ஷிபு பைகளை ஒவ்வொன்றாகத் திண்டில் வைத்தான். சாப்பாட்டுப் பையிலிருந்து புளியும் நல்லெண்ணெயும் மணத்தன.

"அதை ஓடையில கொட்டிட்டு வா மோனே" என்றாள் தங்கபாய்.

பொன்செல்வி எழுந்து பையை வாங்கிக்கொண்டாள். வாங்கியவள் அப்படியே நின்றாள்.

பழவங்காடிப் பிள்ளையாருக்கு உடைக்கும் தேங்காயை விற்பதுதான் இந்தக் குடும்பத்தின் பிழைப்பு. மண்டல காலத்தில் ஐயப்ப சாமிகள் வந்து குவிகிற நேரம், கடையை அடைப்பதென்பது யாரும் நினைத்தும் பார்க்காதது. உலகம்மை நினைத்தாள். கிறிஸ்துமஸ் லீவில் சென்னை போகிறோம் என்று ஓணத்தின்போதே அறிவித்துவிட்டாள்.

"சீசன்ல கடையை அடைப்பாளா ஒருத்தி?" என்று பிச்சைக்கனி கத்தினார்.

"ஐயப்பன் வருஷா வருஷம் வருவான். ஆர்ஷா பத்தாங்கிளாஸ் போயிட்டா நம்மகூட வருவாளா?"

ஆர்ஷா பொன்செல்வியின் மகள். உலகம்மைக்குப் பிள்ளைகள் இல்லை. அதை ஒரு குறையாக அவள் சொல்லிக் கேட்டதில்லை. ஆளுக்கு ஒரு ஆசை கேட்டாள், இளையவளிடமிருந்து தொடங்கி. ஆர்ஷாவுக்கு மெட்ரோ. பொன்செல்வியின் கணவனுக்குத் துறைமுகம். பொன்செல்வியிடம் கேட்டபோது அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை. கல்யாணமாகி வந்த நாள் முதல் யாரும் அவளிடம் அப்படிக் கேட்டதில்லை. உலகம்மை விடவில்லை. தேங்காய் உரித்துக்கொண்டே, "யோசி, யோசி" என்று நாலைந்து நாள் துரத்தினாள். கடைசியில் பொன்செல்வி, "கடல்ல கப்பல் இல்லாம, ஆள் இல்லாம, காலையில பாக்கணும்க்கா" என்றாள். "அப்ப விடியுமுன்ன உன்னை எழுப்புதேன்" என்றாள் உலகம்மை.

"உங்களுக்கு என்னக்கா?"

"எனக்கு ஒண்ணும் பாக்க வேண்டாம்ட்டி. மூணு நாளும் வேற யாராவது சமைச்சதைத் திங்கணும். அங்க அடுப்பிருக்க திசையில தலைவச்சுப் படுக்கக்கூட மாட்டேன்."

"என்ன நிக்க? கொடு அவன்கிட்ட" என்றாள் தங்கபாய்.

"இது வீட்டுல இல்லையே அத்தை."

"என்னது?"

"அக்கா போகும்போது வீட்டுல இருந்ததைத்தானே கொட்டணும்? இது வண்டில இருந்துச்சு."

"அந்த வண்டியிலதான அவளைக் கொண்டுபோனீங்க?"

"போகும்போது உயிர் இருந்துது அம்மச்சி" என்றான் ஷிபு மெதுவாக. "அவங்களே என்கிட்டே வேகம் வேண்டாம்னு பறஞ்சாங்க. வர்றப்ப ஆம்புலன்ஸு. என் வண்டி பின்னாலதான் வந்தது."

"நீ சும்மா கெட." தங்கபாய் பொன்செல்வியைப் பார்த்தாள். "நாளைக்கு ஊரு என்ன சொல்லும்? செத்தவ கையால ஆக்குனதை, செத்த அன்னைக்கே வழிச்சுத் தின்னாங்கன்னா?"

பொன்செல்வி பையை விடவில்லை. "அக்கா விடியுமுன்ன எழுந்து ஆக்குனது. ஓடையில கொட்ட எனக்குக் கை வராது. நான் மட்டுமாவது திம்பேன்."

ஆர்ஷா உள்ளிருந்து வந்து தாயின் பக்கத்தில் நின்றாள். கண்கள் வீங்கியிருந்தன. பைக்குள் எட்டிப் பார்த்து, "அதுல எனக்கும் ஒரு பொதி உண்டு" என்றாள். "கடலை போடாதது."

தங்கபாய் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ஆண்கள் ஈர வேட்டியோடு திரும்பியபோது இருட்டத் தொடங்கியிருந்தது. எதிர்வீட்டு ரெம்யா தன் வீட்டு கிறிஸ்துமஸ் நட்சத்திரத்தை இன்று ஏற்றவில்லை. பொன்செல்வி முற்றத்தில் வாழையிலைப் பொதிகளைப் பிரித்து வைத்தாள். ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாக இருந்தது. கணவனுக்குக் காரம் குறைவு. பிச்சைக்கனி கறிவேப்பிலையைப் பொறுக்கி எறிகிறவர். அவர் பொதியில் ஓர் இலைகூட இல்லை. அவர் வெகுநேரம் அதைத் தொடாமல் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஒரு வாய் வைத்தார்.

"வண்டி இப்ப வள்ளியூர் தாண்டியிருக்கும்" என்றார், யாரிடமும் இல்லாமல்.

மிச்சமிருந்தது இரண்டு. அவற்றில் பெரியது உலகம்மையினுடையது. தனக்கென்று கட்டும்போது அவள் ஒருபோதும் கஞ்சத்தனம் பார்த்ததில்லை. வறுத்த மோர் மிளகாய், எண்ணெயில் ஊறிய எலுமிச்சை ஊறுகாய், இரண்டு கைப்பிடி கூடுதல் சோறு.

"அதை யாரு திங்கப்போறா?" என்றாள் தங்கபாய்.

"நான்" என்றாள் பொன்செல்வி. தன் பேருக்கு இருந்ததைத் தங்கபாய் முன் நகர்த்தி வைத்தாள். தங்கபாய் அதைத் தொடவில்லை. தள்ளியும் வைக்கவில்லை.

பொன்செல்வி நிதானமாகச் சாப்பிட்டாள். பாதியிலேயே வயிறு நிறைந்துவிட்டது. நிறுத்தவில்லை. இலையில் ஒட்டிய கடைசிப் பருக்கை வரை வழித்துத் தின்றாள்.

பிச்சைக்கனி தன் இலையை எதிர்ப்பக்கமாக, சாவு வீட்டில் மடிப்பதுபோல மடித்து வைத்திருந்தார். மற்றவர்களும் அப்படியே. பொன்செல்வி இலையின் மேல்விளிம்பைப் பிடித்து, கல்யாண வீட்டில் மடிப்பதுபோலத் தன் பக்கமாக மடித்தாள்.

தங்கபாய் அதைப் பார்த்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பிறகு முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து போய், பொன்செல்வி கை கழுவக் குழாயைத் திறந்துவிட்டாள்.