தனி ஸ்பூன்

உருளைக்கிழங்கை மசிக்கப் போன ஸ்பூன் கழுத்தோடு மடங்கிப் போயிற்று. வீட்டுக்காரர், பஸ் டிரைவர், அதை நிமிர்த்திப் பார்த்தார். நிமிர்ந்தது, மறுபடியும் மடங்கியது. "இந்த வீட்ல வளைஞ்சு கொடுக்கிறது நானும் இந்த ஸ்பூனும்தான்" என்றார். மகள் குட்டி விழுந்து விழுந்து சிரித்தாள்.

மலிவாகக் கிடைக்கிறதே என்று அவர் மனைவி எப்போதோ வாங்கிய செட் அது. இரண்டு ஸ்பூனில் துரு ஏறிவிட்டது, முள்கரண்டிகளின் பற்கள் ஆளுக்கொரு பக்கம் பார்த்தன. சாயங்காலமே போய் அன்றாடம் புழங்க நல்ல செட்டாக வாங்கிவிடுவது என்று முடிவாயிற்று.

மேசையின் கோடியில் உட்கார்ந்து அவளுடைய கொழுந்தன், வீட்டுக்காரரின் தம்பி, சாப்பிட்டுக்கொண்டிருந்தான். அவன் கையில் இருந்த ஸ்பூனின் காம்பில் மட்டும் சிவப்பு நகப்பூச்சால் ஒரு பொட்டு வைத்திருந்தது.

அவன் எலக்ட்ரீஷியன். போன வருஷம் விடாத இருமலோடு ஆளே பாதியாகி ஆஸ்பத்திரிக்குப் போனவனுக்குக் காசநோய் என்று தெரிந்தது. ஒரு வேளைகூடத் தவறாமல் மாத்திரை சாப்பிட்டான். சிகிச்சை முடிந்து, பூரணமாகக் குணமாகிவிட்டது, வேலைக்குப் போகலாம் என்று டாக்டர் அனுப்பி வைத்தார். இது இருமும்போது காற்று வழியாகப் பரவுகிற நோய், தட்டிலோ ஸ்பூனிலோ ஒட்டிக்கொண்டு வருவதில்லை என்று நர்ஸும் நிதானமாக விளக்கினாள். அண்ணி தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள். அவள் மருந்துக் கடையில் வேலை பார்ப்பவள். அந்த மாத்திரைகளை எத்தனையோ பேருக்குக் கையால் எடுத்துக் கொடுத்தவள். ஆனால் வீட்டு வாசலை மிதித்ததும் குட்டியின் முகம் கண்ணில் வந்து நிற்கும். கேட்டதெல்லாம் எங்கோ போய்விடும்.

அவன் தேறி வேலைக்குப் போக ஆரம்பித்த பிறகும் தட்டு தனி, டம்ளர் தனி, கழுவுவதும் கவிழ்ப்பதும் தனி. அதைப் பற்றி வீட்டில் யாரும் வாய் திறக்கவில்லை. அவனும் கேட்கவில்லை. குட்டி மடியில் ஏற வந்தால் மட்டும் ஏதாவது வேலை இருப்பதுபோல எழுந்து போய்விடுவான்.

அன்று வீட்டுக்காரருக்குச் சாயங்கால டியூட்டி. அதனால் பாத்திரக் கடைக்குக் குட்டியையும் கூட்டிக்கொண்டு கொழுந்தன்தான் அண்ணிக்குத் துணையாக வந்தான். கண்ணாடிப் பெட்டிக்குள் தங்க முலாம் பூசிய செட் ஒன்று மினுக்கியது. அவள் கை அதை நோக்கிப் போனபோது, தினமும் தேய்த்தால் பூச்சு போய்விடும் என்று அவன் சிரித்தான். வேலைப்பாடில்லாத ஸ்டீல் செட் ஒன்றை எடுத்தான். கட்டைவிரலால் கழுத்தை அழுத்தினான், வளையவில்லை. ஓரத்தைத் தடவிப் பார்த்தான், பிசிறில்லை. சின்ன ஸ்பூனைக் குட்டியின் கையில் கொடுத்து, வாய்க்குப் பெரிதாக இருக்கிறதா என்று கேட்டான். அண்ணனுக்குக் கனமான காம்புதான் பிடிக்கும் என்றும் சொன்னான். ஒவ்வொருவருக்கும் எது தோதுப்படும் என்று அவ்வளவு பார்த்துப் பார்த்து எடுத்தான்.

பிறகு, உதிரி ஸ்பூன்களைக் கொட்டி வைத்திருந்த தட்டுப் பக்கம் போய், பூப்போட்ட மெல்லிய ஸ்பூன் ஒன்றோடு வந்தான்.

"எனக்கு இது போதும் அண்ணி. பூ இருக்கு, மத்ததோட கலந்துடாது. நீங்க பொட்டு வைக்கிற வேலையும் மிச்சம்."

குரலில் குத்தல் இல்லை. அதுதான் அவளைச் சுட்டது. அவன் மெதுவாகச் சொன்னான்: "வெளியில ஒரு ரூம் சொல்லி வெச்சிருக்கேன். அது கிடைக்கிற வரைக்கும்தான்."

அண்ணி அவன் கையிலிருந்த ஸ்பூனை வாங்கி, எடுத்த இடத்திலேயே போட்டுவிட்டு வந்தாள்.

"ரூமெல்லாம் வேண்டாம் தம்பி. இனிமே எல்லாருக்கும் ஒரே செட்தான்."

"குட்டி இருக்கா அண்ணி. நீங்க பயந்ததுல தப்பே இல்ல."

"நோய் இருந்தப்ப பயந்தது தப்பில்ல. சரியாயிடுச்சுன்னு டாக்டர் சொன்னதுக்கப்புறமும் உங்கள ஓரமா உக்கார வெச்சேன் பாருங்க, அது தப்பு."

அவன் குனிந்து விலைச்சீட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். யாரும் பார்க்காமல் கண்ணைத் துடைத்துக்கொள்ள அவனுக்கு அது ஒரு சாக்காயிற்று.

வீட்டுக்கு வந்ததும் எல்லாவற்றையும் ஒரே தொட்டியில் போட்டுக் கழுவினாள். எது யாருடையது என்று பிரித்துப் பார்க்கிற வேலை இல்லாமல் போனது அவளுக்கே அவ்வளவு லேசாக இருந்தது. டியூட்டி முடிந்து வந்த வீட்டுக்காரர் விஷயத்தைக் கேட்டுவிட்டு, தம்பியின் நாற்காலியை இழுத்துத் தன் பக்கத்தில் போட்டார். இத்தனை நாள் வாயை மூடிக்கொண்டிருந்ததற்கு அவருக்குத் தெரிந்த மன்னிப்பு அதுதான். குட்டி சித்தப்பா மடியில் ஏறி, அவன் ஸ்பூனிலிருந்தே ஒரு வாய் வாங்கிக்கொண்டாள். அண்ணியின் நெஞ்சு பழக்கத்தில் ஒரு துடி துடித்தது. பிறகு தானாக அடங்கியது. அவன் இந்த முறை எழுந்து போகவில்லை.

மறுநாள் காலையில் எதிர்வீட்டுக்காரி குரலைத் தாழ்த்திக்கொண்டு, கொழுந்தன் சாமானையெல்லாம் இன்னும் தனியாகத்தானே வைத்திருக்கிறாய் என்று விசாரித்தாள்.

"இல்லக்கா" என்றாள் அண்ணி, குரலைத் தாழ்த்தாமல். "மருந்து சாப்பிட்டு அவருக்கு நோய் போயிடுச்சு. நமக்குத்தான் பயம் போகல. குணமாகி வந்த மனுஷன ஒதுக்கி வெச்சா, நோயைவிடப் பெரிய கொடுமைய நாம செய்றோம்னு அர்த்தம்."