இண்டூர் லைனின் பூஜ்யங்கள்

"சார், இண்டூர் லைனுக்கு மணிக்கு மணி கணக்கு வேணும்."

இதை மட்டும் கேட்கவே கூடாது என்று வேலைக்குச் சேர்ந்த அன்றே அருள்நாதன் சார் சொல்லியிருந்தார். மாதச் சராசரி போதும், மணிக்கு மணி கேட்டால் மிஷின் தாங்காது, நின்றுவிடும் என்றார். நம்பினேன். பி.எஸ்சி. முடித்து வீட்டில் கிடந்த என்னை இந்த மின் கூட்டுறவுச் சங்கத்துக்கு அழைத்து வந்தவர் அவர்தான். ஞாயிற்றுக்கிழமை சர்ச் பூசையில் எனக்கு அண்ணா, இங்கே சார்.

துணைமின் நிலையக் கருவி ஒவ்வொரு மணிக்கும் வோல்ட்டேஜைப் பதிந்து டேப்பில் ஏற்றும். லைன் பெயரும் மாதமும் கொடுத்தால் கம்ப்யூட்டர் அதிலிருந்து எடுத்து, ஏற்ற இறக்கத்தைக் கோடாக வரைந்து காட்டும். அப்படி எடுத்துக் கொடுக்கும் புரோகிராமை எழுதியவள் நான். எழுதும்போது சார் பக்கத்தில் நின்று, "பூஜ்யம் வந்தா அது கருவிக் கோளாறும்மா, சேக்காம வுட்டுடு" என்றார். அதற்கென ஒரு வரி சேர்த்தேன்.

நேற்று இண்டூரில் கூட்டம். புது டிரான்ஸ்பார்மர் யாருக்கு என்று பேச்சு. என் புரோகிராம் வரைந்த கோட்டை அச்செடுத்த தாளை அருள்நாதன் சார் தூக்கிக் காட்டி, "உங்க சவரி மக எழுதுன கம்ப்யூட்டரே சொல்லுதுங்க, இங்க கரண்டு நிக்கறதே இல்ல" என்றாராம். டிரான்ஸ்பார்மரைப் பாப்பாரப்பட்டிக்குச் சிபாரிசு செய்துவிட்டார்.

பக்கத்துக் காட்டுக் காளியப்பன் அப்பாவைப் பிடித்துக்கொண்டார். "ஏஞ்சவரி, எங்க வூட்டு இருட்டு உம்மவ மிஷினுக்குத் தெரியாதா?"

 சாயங்காலம், மோட்டார் ஓடாமல் வாடிய தக்காளி நாற்றுக்குக் குடத்தால் தண்ணீர் ஊற்றிக்கொண்டே அப்பா என்னைக் கேட்டார். "நெசமாவே கரண்டு இருக்குதுன்னா சொல்லுச்சு?"

இப்போது நான் மணிக்கு மணி கேட்டதும் அருள்நாதன் சார் சிரித்தார். "மிஷின் நின்னு போயிரும்னு சொன்னேனில்ல?"

"நிக்கட்டுங்க சார். எங்கூர்ல தெனமும்தான் நிக்குது."

பூஜ்யத்தைத் தள்ளிவிடும் அந்த வரியை அழித்தேன். இண்டூர் என்று அடித்தேன், மணிக்கு மணி கேட்டேன். எண்கள் வந்தன. பிறகு, கரண்டு நின்ற மணிக்கெல்லாம், பூஜ்யம், பூஜ்யம், பூஜ்யம். திரை நிறைந்து மேலே ஏறியது. மிஷின் நிற்கவில்லை.

அவர் முகத்தில் ஆச்சரியமே இல்லை. எழுந்து கதவைச் சாத்தினார்.

"வேளாங்கண்ணி, எம்மாமனாரு மில்லு பாப்பாரப்பட்டில இருக்குது. உனக்கே தெரியும். இந்த ஒரு தடவதான். உன்னப் பர்மனென்ட் பண்ணச் சொல்லி எழுதியிருக்கேன்ல?"

"அதுக்கு எங்கூருக்காரங்க முன்னாடி எம்பேரச் சொல்லுவீங்களா? எங்கப்பன் தலை குனிஞ்சு நின்னாருங்க."

"நாளைக்குச் சங்கத் தலைவர் வர்றாரு. திரையில பாத்துட்டுத்தான் சிபாரிசுல கையெழுத்து. அந்த வரியப் பழையபடி போட்டுட்டுப் போ."

"நீங்களே போடுங்க."

அவருக்கு லைன் பெயர் அடித்துக் கேட்கத் தெரியும், எழுதத் தெரியாது. அது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். அழித்ததை அழித்தபடியே சேமித்தேன்.

"நன்றி கெட்டவ" என்றார்.

"ஆமாங்க அண்ணா."

சார் என்று சொல்ல இனி அவசியமில்லை. டிபன் பாக்ஸை எடுத்தேன். நாளை தலைவர் வரும்போது காளியப்பனும் ஊராரும் இந்தத் திரைக்கு முன்னால் நிற்க வேண்டும். கதவைத் திறந்து, இண்டூர் பஸ்ஸைப் பிடிக்க நடந்தேன்.